முந்திரிக் கொட்டகையும் கிராபிக்ஸ் கார்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பாதிரிப்புலியூரில் இருந்து அக்கா பையன் சைக்கிளில் வந்து இறங்கினான். காலேஜில் சேர்ந்ததற்கு வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் கட்டி வைத்திருப்பதை வாங்காமல், பாகம் பாகமாக வாங்கித் தானே அசெம்பிள் செய்யப் போகிறானாம். கையில் ஒரு தாள். பிராசசர், மதர்போர்டு, ரேம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தான். கிராபிக்ஸ் கார்டு என்ற இடத்தில் மட்டும் ஆறு பெயர் எழுதி, ஐந்தை அடித்து, அடித்ததில் இரண்டைப் பக்கத்திலேயே திரும்ப எழுதியிருந்தான்.

"மாமா, இதுல எது நல்ல கார்டு?"

"மானிட்டர் எதுடா?"

"அது மிச்சம் இருக்கற காசுல ஏதாவது ஒண்ணு பாத்துக்கலாம் மாமா."

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. 2015-ல் நான் முதல் கம்ப்யூட்டர் கட்டியபோது இதைவிடப் பெரிய கூத்து அடித்தேன். என் முன்னால் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று ஜி.டி.எக்ஸ் 750 டி.ஐ, 2 ஜிபி. இன்னொன்று ஜி.டி 730, 4 ஜிபி. இரண்டாவது விலையும் குறைவு, ஜிபியும் இரண்டு மடங்கு. இப்படி ஒரு லாபத்தை மற்றவர்கள் எப்படிக் கோட்டை விட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். அப்புறம் ஜி.டி.ஏ 5 கேமில் கார் தெரு முனை திரும்பும்போதெல்லாம் படம் நின்று நின்று போனது. கார் திரும்பி முடிப்பதற்குள் நான் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். ஏன் அப்படி ஆனது என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அக்கா பையனுக்கு அன்று மாலைக்குள் புரிந்தாக வேண்டும். அதனால் முந்திரிக் கொட்டகையில் இருந்து ஆரம்பித்தேன்.

கம்ப்யூட்டர் திரை முழுக்கப் புள்ளிகள். 1080பி என்று சொல்கிற சாதாரணத் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம். கேம் ஓடும்போது இந்த ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று நொடிக்கு அறுபது தடவையாவது கணக்குப் போட வேண்டும். நொடிக்கு 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். எண்ணிக்கைதான் மலைப்பு.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகை பார்த்திருப்பீர்கள். கணக்குப்பிள்ளை ஒருவர் இருப்பார். எத்தனை மூட்டை வந்தது, யாருக்கு எவ்வளவு கூலி, லாரி எப்போது வரும் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற வேலை எல்லாம் அவருடையது. அவர்தான் பிராசசர். உள்ளே வரிசையாக உட்கார்ந்து பெண்கள் கொட்டை உடைப்பார்கள். எல்லோரும் செய்வது ஒரே வேலை, ஆனால் அத்தனை கையும் ஒரே நேரத்தில் நடக்கிறது. கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தனியாளாக ஒரு மூட்டையை உடைக்கச் சொன்னால் பொழுது சாய்ந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு என்பது அந்தக் கொட்டகை. பெண்களுக்குப் பதிலாக அதில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கணக்கு அலகுகள். ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டில் மட்டும் 3,072 இருக்கின்றன.

கொட்டை உடைக்கிறவர் மூட்டைக்காக எழுந்து போகக் கூடாது. மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கொட்டகைக்குள் மூட்டை போட்டு வைக்கிற அந்த இடம்தான் வி-ரேம், கார்டு அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 8 ஜிபி, 12 ஜிபி எல்லாம் அதுதான். சுவரின் செங்கல், ஆளின் சட்டைத் துணி, மரத்தின் பட்டை என்று கேமில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றின் படமும் அங்கேதான் அடுக்கியிருக்கும்.

என் ஜி.டி 730-ல் நடந்தது என்ன? மூட்டை போட 4 ஜிபி இடம் இருந்தது. ஆனால் உடைக்க ஆள் குறைவு, மூட்டையில் இருந்து கைக்கு எடுத்துத் தருகிற வழியும் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுதான். 750 டி.ஐ கார்டின் நினைவகம் நொடிக்கு 86 ஜிபி அளவுக்குத் தரவு கொடுக்கும். நான் வாங்கிய ரகம் 30-ஐக்கூடத் தொடாது. பெரிய குடோனைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். கார்டின் விவரப் பக்கத்தில் ஜிபிக்குப் பக்கத்திலேயே 64 பிட், 128 பிட், 192 பிட் என்று ஒரு எண் இருக்கும். அதுதான் வழியின் அகலம். மலிவான கார்டில் ஜிபியைக் கூட்டிப் போட்டு இந்த எண்ணைக் குறைத்திருந்தால் உஷாராகிவிடுங்கள்.

இடம் பற்றாமல் போனாலும் ஆபத்துதான். கொட்டகை நிரம்பிவிட்டால் மீதி மூட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள குடோனில், அதாவது கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில், கிடக்கும். தேவைப்படும்போது ரோட்டைத் தாண்டிப் போய்த் தூக்கி வர வேண்டும். ரோடு என்றால் மதர்போர்டில் கார்டைச் சொருகுகிற பி.சி.ஐ.இ ஸ்லாட். ஆர்.டி.எக்ஸ் 4060 தன் சொந்த வி-ரேமில் இருந்து நொடிக்கு 272 ஜிபி எடுக்கும். ரோடு வழியாக வந்தால் அதே கார்டுக்கு நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான். பழைய மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள மதர்போர்டாக இருந்தால் அதிலும் பாதி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கேம், புது இடத்துக்குள் நுழைந்ததும் வெடுக் வெடுக்கென்று இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி என்று 4 ஜிபி கார்டு ஒன்று 2022-ல் வந்தது. இடமும் குறைவு, ரோடும் நான்கே தடம். பழைய மதர்போர்டில் போட்டவர்கள் பட்டபாடு கொஞ்சநஞ்சமில்லை.

சரி, மானிட்டருக்கு வருவோம். எத்தனை மூட்டை உடைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது மானிட்டர்தான். 1080பி திரைக்கு 20 லட்சம் புள்ளி என்றேன். அடுத்த ரகமான 1440பி திரையில் சுமார் 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சத்தை நெருங்கும், 1080பி-க்குச் சரியாக நான்கு மடங்கு. அதோடு ஹெர்ட்ஸ் என்று ஒன்று உண்டு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு அறுபது படம்தான் காட்டும். கார்டு நூற்றைம்பது படம் தயாரித்துக் கொடுத்தாலும் மீதியை நீங்கள் கண்ணால் பார்க்கப் போவதில்லை. 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டருக்குப் பெரிய கார்டு வாங்குவது, இரண்டு பேர் சாப்பிட அண்டாவில் உலை வைப்பது மாதிரி. 4கே டிவியில் சின்னக் கார்டைச் சொருகுவது அதற்கு நேர் எதிர்.

எனவே தாளில் முதல் வரியாக மானிட்டரை எழுதச் சொன்னேன். அவன் நண்பர்களோடு வேலரண்ட் ஆடுவான். தனியாக இருக்கும்போது சைபர்பங்க் 2077 மாதிரி கதை உள்ள பெரிய கேம்கள் ஆட ஆசை. அப்படியானால் 24 அங்குலம், 1080பி, 144 ஹெர்ட்ஸ் போதும். வேலரண்டில் நூற்று நாற்பதைத் தாண்டி ஓடும், சைபர்பங்கில் அறுபது எழுபது வந்தாலே கண்ணுக்கு இதமாக இருக்கும். இந்த இரண்டு வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்ல முடிந்தால் கார்டுத் தேர்வில் பாதி முடிந்தது.

இடையில் ஒன்று. வேலரண்ட், சி.எஸ் 2, பழைய கேம்கள் மட்டும்தான் என்று ஒருவர் என்னிடம் வந்தால், ஆரம்பத்தில் கார்டே வாங்காதீர்கள் என்பேன். ரைசன் 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் வைத்திருக்கும் பிராசசரில், கேமில் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் வேலரண்ட் 1080பி-யில் தாராளமாக ஓடும். பணம் சேர்ந்த பிறகு கார்டைச் சொருகிக்கொள்ளலாம். பாதிக் காசுக்கு ஒரு உதவாக்கரைக் கார்டு வாங்கிவிட்டு அப்புறம் அதை விற்க அலைவதைவிட இது மேல்.

கார்டுகளின் பெயரைப் படிக்கப் பழகுவது அடுத்தது. என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ் 4060 என்பதில் 40 தலைமுறை, 60 அந்தத் தலைமுறைக்குள் அதன் படி. 50 கடைசி, 60 நடுத்தரம், 70, 80 என்று ஏறும். தலைமுறை புதியது என்பதால் மட்டும் வேகம் வந்துவிடாது. முந்தைய தலைமுறையின் 3070 பெரும்பாலான கேம்களில் 4060-ஐவிட வேகமானது, கரண்ட்தான் அதிகம் குடிக்கும். ஏ.எம்.டி கார்டுகள் ஆர்.எக்ஸ் என்று தொடங்கும், 6600, 7600, 9060 எக்ஸ்.டி என்று. இன்டெல் 2022-ல் இந்தச் சந்தையில் இறக்கிய கார்டுகளுக்குப் பெயர் ஆர்க்.

பெயர் ஒன்றாக இருந்தும் சரக்கு வேறாக இருக்கும், அதுதான் ஆத்திரமூட்டுகிற விஷயம். ஆர்.டி.எக்ஸ் 3060 என்று 12 ஜிபி கார்டு 2021-ல் வந்தது, 192 பிட். அடுத்த வருடம் அதே பெயரில் 8 ஜிபி ஒன்றை இறக்கினார்கள். ஜிபி மட்டும் குறையவில்லை, வழியும் 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது, வேகமும் குறைந்தது. 3050-லும் 8 ஜிபி ஒன்று, பின்னால் வந்த 6 ஜிபி ஒன்று. 6 ஜிபி மெதுவானது. லேப்டாப்பில் இருக்கும் 4060-க்கும் டெஸ்க்டாப் 4060-க்கும் வேகம் ஒன்றல்ல. ஆகவே கடையில் பெயரை மட்டும் சொல்லி விலை கேட்காதீர்கள். ஜிபியையும் சேர்த்துச் சொல்லுங்கள், பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

விலை எதுவும் இங்கே எழுதப் போவதில்லை, எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதிவரை கார்டுக்குப் போவது கேம் கம்ப்யூட்டரில் சகஜம். அந்த அளவுக்குள் 1080பி திரைக்கு நான் இன்று பார்ப்பவை ஆர்.டி.எக்ஸ் 5060, ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி, இன்டெல் ஆர்க் பி580. காசு இறுக்கம் என்றால் ஆர்.எக்ஸ் 6600 அல்லது 7600. இவற்றில் 5060, 6600, 7600 மூன்றும் 8 ஜிபி. 9060 எக்ஸ்.டி 8, 16 என்று இரண்டு அளவில் கிடைக்கிறது. பி580-ல் 12 ஜிபி, 192 பிட்.

8 ஜிபி போதுமா என்று கேட்டால் என் பதில்: இன்று பெரும்பாலான கேம்களுக்கு 1080பி-யில் போதும், சிலவற்றில் படத்தின் தரத்தை ஒரு படி இறக்க வேண்டியிருக்கும். ஆனால் முதல் கம்ப்யூட்டர் கட்டுகிற வீடுகளில் கார்டு குறைந்தது நாலைந்து வருடம் உழைக்க வேண்டும். அடுத்த கார்டு வாங்க வீட்டில் மறுபடி வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். விலை வித்தியாசம் தாங்கக்கூடியது என்றால் 12-க்கோ 16-க்கோ போய்விடுவேன். அக்கா பையனுக்கு பி580 சொன்னது அதனால்தான். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி, அதாவது பிராசசர் கார்டின் வி-ரேம் முழுவதையும் ஒரே வீச்சில் எட்ட விடுகிற வசதி, இருக்க வேண்டும், மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் அதை ஆன் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் பரிதாபமாக விழும். பிராசசரும் ஓரளவு புதிதாக இருப்பது நல்லது. பத்து வருடப் பழைய போர்டில் போடப் போகிறவர்கள் பி580 பக்கம் போக வேண்டாம்.

ரே டிரேசிங், டி.எல்.எஸ்.எஸ், எஃப்.எஸ்.ஆர் என்று அட்டையில் இருப்பவை பற்றி நிறையக் கேட்டான். முதலாவது, வெளிச்சமும் நிழலும் எப்படி விழும் என்று நிஜத்தை ஒட்டிக் கணக்குப் போடுவது. அழகுதான், வேகத்தை நிறையத் தின்னும். மற்ற இரண்டும் குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற வித்தை. டி.எல்.எஸ்.எஸ் என்விடியாவுடையது, எஃப்.எஸ்.ஆர் ஏ.எம்.டி-யுடையது. இன்டெல் கார்டில் எக்ஸ்.இ.எஸ்.எஸ் என்று இருக்கும். உதவும், ஆனால் இவற்றை நம்பி ஒரு படி குறைந்த கார்டு வாங்க வேண்டாம்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் கடலூருக்கென்று சில சங்கடங்கள் உண்டு.

முதலாவது கரண்ட். மின்சாரம் தயாரிக்கிற நெய்வேலி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்காமல் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கார்டுக்கு மதர்போர்டு ஸ்லாட் வழியாக 75 வாட்தான் வரும். அதற்கு மேல் வேண்டியதை, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்-ல் இருந்து தனி வயர் கொடுக்கிறது. எட்டு முனை சொருகி என்றால் 150 வாட் வரை. 4060 முழு வேகத்தில் 115 வாட் எடுக்கும், 5060 145, பி580 190. இதோடு பிராசசர், மற்றதெல்லாம் சேர வேண்டும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 அல்லது 650 வாட் எஸ்.எம்.பி.எஸ் வாங்குங்கள். கேபினெட்டோடு இலவசமாக வருகிறதே என்று நான் ஒரு தடவை வைத்துக்கொண்டேன். மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர். ஒரு மே மாத மதியம் டப்பென்று சத்தம், கருகல் வாடை, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு தடவை பார்த்துவிடுவதும் நல்லது.

யு.பி.எஸ் கணக்கையும் பாருங்கள். கடைகளில் வழக்கமாகத் தருகிற 600 வி.ஏ யு.பி.எஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். 4060 போட்ட கம்ப்யூட்டரும் மானிட்டரும் அதில் சமாளிக்கும். பி580 போட்டு, கேம் நடுவில் கரண்ட் போனால், யு.பி.எஸ் ஒரு கூவல் கூவிவிட்டுத் தானும் அணைந்துவிட வாய்ப்பு அதிகம். 1,000 வி.ஏ பார்ப்பது உத்தமம். எப்படியானாலும் அது சேமித்துவிட்டு அணைக்கிற சில நிமிடத்துக்குத்தான். 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. அதற்கெல்லாம் யு.பி.எஸ் பதில் இல்லை.

அப்புறம் வெக்கையும் உப்புக் காற்றும். அறையின் சூடு பத்து டிகிரி கூடினால் கார்டின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். கத்திரி வெயிலில் மூடின அறையில் ஆடுகிறவர்கள், முன்பக்கம் வலை போட்ட, காற்று உள்ளே வந்து போகிற கேபினெட்டாக வாங்குங்கள். முன்னால் கண்ணாடி போட்டு விளக்கு எரிகிறது பார்க்க அழகு, கார்டு உள்ளே வேகும். சூடு எல்லையைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தேவனாம்பட்டினம் பக்கம், கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைத்தால் உப்புப் படிந்து கேபினெட் திருகாணி முதல் துருப்பிடிக்கும். உள் சுவர் ஓரமாக, தரையில் இருந்து கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். கேபினெட் வாங்கும்போது எவ்வளவு நீளக் கார்டு உள்ளே போகும் என்பதையும் மில்லிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் 300 மில்லிமீட்டரைத் தொடும்.

எங்கே வாங்குவது? கடலூரில் எல்லா மாடலும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி, இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு, அதுவும் இல்லாவிட்டால் ஆன்லைன். எங்கே என்றாலும் சீரியல் எண் எழுதிய பில் வேண்டும், வாரண்டிக்குக் கார்டை எங்கே கொண்டு போக வேண்டும் என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கார்டு கெட்டால் ஒவ்வொரு தடவையும் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டுமா என்பதும் விலையில் சேர்த்திதான்.

செகண்ட் ஹேண்டில் நல்ல கார்டு கிடைக்காமல் இல்லை. கிரிப்டோ காசு தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் எதெரியம் என்ற கிரிப்டோ காசு அந்தத் தோண்டும் முறையை விட்டதும், சந்தையில் வந்து குவிந்தன. அவை எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன், ஃபேன்தான் முதலில் போகும். விற்கிறவர் வீட்டிலேயே ஏதாவது கனமான கேமை இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் சத்தம், சூடு, திரையில் கோடு அல்லது புள்ளி தெரிகிறதா என்று கவனியுங்கள். கார்டின் உண்மையான விவரத்தைக் காட்டுகிற ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளையும் பென்டிரைவில் கொண்டு போங்கள். பழைய சில்லுக்குப் புதுப் பெயர் எழுதி ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ என்று விற்கிற போலிகள் உலவியதுண்டு, பெரும்பாலும் அதில் சிக்கிவிடும்.

அக்கா பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனான். மூன்று வாரத்தில் பாகங்கள் வந்து சேர்ந்தன. ரைசன் 7500எஃப் பிராசசர், பி580 கார்டு, 650 வாட் எஸ்.எம்.பி.எஸ், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். நான் வருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் சனிக்கிழமை ராத்திரி அவனே பூட்டியிருக்கிறான். பதினொன்றரை மணிக்குப் போன்.

"மாமா, ஃபேன் எல்லாம் சுத்துது. லைட் எரியுது. மானிட்டர்ல ஒண்ணுமே வரல. கார்டு போச்சா மாமா?"

"மானிட்டர் கேபிளை எங்கடா சொருகியிருக்க?"

"பின்னாடி, மேல, யு.எஸ்.பி பக்கத்துல இருக்கே..."

அது மதர்போர்டின் சொருகி. 7500எஃப்-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது, அதில் படம் வர வழியே இல்லை. கீழே, கார்டில் இருக்கும் சொருகிக்கு மாற்றச் சொன்னேன். நாலைந்து நொடி சத்தம் இல்லை. அப்புறம் அவன் கத்தியதில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து திட்டுவது இந்த முனையில் எனக்குக் கேட்டது. மானிட்டர் இன்னும் 60 ஹெர்ட்ஸில்தான் ஓடிக்கொண்டிருக்கும், விண்டோஸ் அமைப்பில் போய் 144-க்கு மாற்று என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டான்.